ஹாலிவுட் திரைப்பாடல்: வெற்றியும் சரிவும்

ஹாலிவுட் படமொன்றுக்காகப் பதிவாகி, படத்துக்கு விளம்பரமாகவும் தனி இசைத்தட்டாகவும் விற்ற பாப் பாடல் வகை. தமிழ்ப் படத்தைப் போல் பாத்திரங்கள் வாயசைக்க வேண்டியதில்லை. பல பாடல்கள் இறுதிப் பெயர்ப் பட்டியலில்தான் ஒலிக்கும்.

'சாட்டர்டே நைட் ஃபீவர்' (1977) இதன் வணிக வலிமையைக் காட்டியது. 1981-இல் தொடங்கிய இசைத் தொலைக்காட்சியான எம்டிவி, படக்காட்சிகள் கலந்த பாடல் காணொளிகளை ஒளிபரப்பியது. ஸ்டுடியோக்களுக்கு ஏறத்தாழ இலவச விளம்பரம். 1984-ஆம் ஆண்டுப் படங்களுக்கான ஆஸ்கர் விருதில், சிறந்த பாடலுக்குப் போட்டியிட்ட ஐந்துமே அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் முதலிடம் பெற்றவை. 'தி பாடிகார்ட்' (1992) படத்துக்காக விட்னி ஹூஸ்டன் பாடிய பாடல் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதுவும் டாலி பார்ட்டனின் 1974 பாடலின் மறுபதிவே.

2000-களில் சரிவு. ஒரு பாடலுக்காக முழு சிடி வாங்கும் வழக்கத்தை 2003-இல் வந்த ஐடியூன்ஸ் இணையக் கடை, பாடல்களைத் தனித்தனியாக விற்றுத் தளர்த்தியது. எம்டிவியில் இசை சுருங்கியது. தொடர்படங்கள் பின்னணி இசையையும் பழைய பாடல்களையும் நாடின: 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' (2014) இசைத்தொகுப்பு பழைய பாடல்களாலேயே தொகுப்புகளின் தரவரிசையில் உச்சியைத் தொட்டது.

வகை அழிந்துவிடவில்லை. 'ஃபியூரியஸ் 7' (2015) பாடல் 12 வாரம் முதலிடம் வகித்தது. 'என்காண்டோ', 'கேபாப் டீமன் ஹன்டர்ஸ்' பாடல்களும் முதலிடம் பெற்றன. ஆனால் இவ்விரண்டும் கதைக்குள்ளேயே பாடல்கள் பாடப்படும் அசைவூட்டப் படங்கள்.