மாறியது எது? ஜாவாவில் ஆப்செர்வர் முறையின் வரலாறு

ஓர் ஆப்ஜெக்டில் மதிப்பு மாறியதும், அதற்காகக் காத்திருக்கும் மற்ற ஆப்ஜெக்ட்களுக்குத் தகவல் போக வேண்டும். தகவல் கிடைத்தவர் என்ன செய்வார் என்பது அனுப்புபவரின் கவலை அல்ல. இதுவே ஆப்செர்வர் முறை.

கணினிக்கு முன்பே கடற்கரை இதை அறியும். 1864இல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியது. மறு ஆண்டே அங்கே துறைமுக எச்சரிக்கை தொடங்கி, பின்னர் மற்றத் துறைமுகங்களுக்கும் வந்தது. நாகப்பட்டினத்திலும் பாம்பனிலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், இடையில் பாக் நீரிணைக் கரையிலுள்ள கட்டுமாவடியில் நாட்டுப்படகு கடலுக்குப் போகாது. ஒரு வேறுபாடு உண்டு: கூண்டு ஊருக்கே பொது, நிரலிலோ முன்கூட்டிப் பதிந்துகொண்டவருக்கு மட்டுமே செய்தி.

நிரலுலகில் இந்த வழக்கத்தை ஊன்றியது ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஸ்மால்டாக் மொழி. 1994இல் எரிக் காமா உள்ளிட்ட நால்வர் எழுதிய டிசைன் பேட்டர்ன்ஸ் நூல் தொகுத்த 23 முறைகளில் ஆப்செர்வரும் ஒன்று.

1996இல் வந்த ஜாவா 1.0 இதற்காக ஆப்செர்வபிள் என்ற கிளாஸைத் தந்தது. அதை இன்டர்ஃபேஸாக வைக்காததுதான் வினை. ஜாவாவில் ஒரு கிளாஸுக்கு ஒரே தாய் கிளாஸ்தான். அந்த இடத்தை ஆப்செர்வபிள் பிடித்துக்கொண்டால் வேறெதற்கும் இடமில்லை. அது சொன்ன சேதியும் குறைவு: ஏதோ மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கூடவே ஓர் ஆப்ஜெக்டை அனுப்பலாம். அதற்குப் பொருள் காண்பது கேட்பவர் பாடு.

மறு ஆண்டு, ஜாவா 1.1உடன் வந்த ஜாவாபீன்ஸ் இரண்டையும் சரிசெய்தது. ப்ராப்பர்ட்டிசேஞ்ச்சப்போர்ட் என்னும் உதவி ஆப்ஜெக்டை எந்த கிளாஸும் தன்னுள் வைத்துக்கொள்ளலாம். தாய் கிளாஸ் மாற வேண்டாம். செய்தியில் ப்ராப்பர்ட்டியின் பெயர், பழைய மதிப்பு, புதிய மதிப்பு மூன்றும் இருக்கும். கூண்டு எண் 1இலிருந்து 3க்குப் போனால், செய்தி கேட்கும் ஆப்ஜெக்டான லிஸனருக்கு இரண்டு எண்களும் தெரியும். எச்சரிக்கை கூடியதா தணிந்ததா என்று அதுவே கண்டுகொள்ளும். 3 மீண்டும் 3 ஆகவே வைக்கப்பட்டால் செய்தியே கிளம்பாது. வீண் அலறலைத் தடுக்கும் இந்தச் சிறு விதி, திரையில் இரு கட்டங்கள் ஒன்றையொன்று ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கும் சுழலையும் பல வேளைகளில் அறுத்துவிடும். மாற்றம் நிகழுமுன்பே அதை மறுக்கும் உரிமையையும் ஜாவாபீன்ஸ் தனி வகை லிஸனருக்குக் கொடுத்தது. அது அவ்வளவாகப் புழங்கவில்லை.

ஒரு தொல்லை மட்டும் தொடர்ந்தது. பதிந்த லிஸனரை நீக்க மறந்தால், மூடிய ஜன்னலும் நினைவகத்திலேயே தங்கிவிடும்.

2017 செப்டம்பரில் வெளியான ஜாவா 9, ஆப்செர்வபிளைப் பயன்படுத்த வேண்டாதவற்றின் வரிசையில் சேர்த்தது; செய்திகள் எந்த வரிசையில் போகும் என்ற உறுதியின்மையும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. மாற்றாக அது காட்டிய வழிகளில் முதலில் நின்றது, 20 ஆண்டு பழைய ஜாவாபீன்ஸ் தொகுப்பு.