கொழும்பின் பெயரில் நாயாற்றின் நேரம்

நாயாற்றுக் கரை மீனவரின் கைப்பேசி, ‘ஆசியா/கொழும்பு’ என்ற பெயரைக் கொண்டே நேரத்தை அறிகின்றது. கணினி நிரல்களில் இலங்கையின் நேர அமைப்புக்கு இடப்பட்ட பெயர் அது. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் தொடங்கிய நேரப் பட்டியல், காலப்போக்கில் நகரப் பெயர்களைக் கைக்கொண்டது. நாடுகளின் பெயரும் எல்லையும் மாறுவன, ‘ஐ.எஸ்.டி.’ போன்ற சுருக்கமோ இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து ஆகிய மூன்றுக்கும் பொது.

1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டினால் இலங்கையின் மணிக்கூடுகள் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டன. ஒக்டோபரில் அரைமணி பின்தள்ளப்பட்டன. 2006 ஏப்ரலிற் பழைய ஐந்தரை மணிக் கணக்கே மீண்டது. எண் மும்முறை மாறியும் பெயர் மாறவில்லை. நிரலில் எண்ணை எழுதியோர் ஒவ்வொரு முறையும் திருத்த நேர்ந்தது. ‘கொழும்பு’ என எழுதியோர்க்குப் பட்டியலைப் புதுப்பித்தலே போதுமாயிற்று.

ஆயினும் அப்பெயர் வன்னியை மறைத்துவிட்டது. விடுதலைப் புலிகள் 1996ஆம் ஆண்டின் மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்கள் கட்டுப்பாட்டிலிருந்த ஊர்களில் ஐந்தரையே நிலைத்தது. அந்நேரத்துக்குப் பட்டியலில் தனிப்பெயர் இல்லை. 2001இல் நாயாற்றிற் பிறந்த பிள்ளைக்குக் கணினியிற் சாதகம் கணிப்பவர் ‘ஆசியா/கொழும்பு’ என்று கொடுத்தால், பிறந்த நேரம் அரைமணி பிசகும். இலக்கினமே மாறினும் மாறலாம். கணக்குச் சரிவர, அவர் தெரிவுசெய்ய வேண்டிய பெயர் ‘ஆசியா/கொல்கத்தா’.