கோடுகளுக்கு அப்பால் ஆதிமூலம்

துறையூரிலிருந்து வடமேற்கே சென்றால் கொல்லிமலையின் அடிவாரத்தில் புளியஞ்சோலை. மேலே ஆகாயகங்கை அருவியாக விழும் ஐயாறு இங்குதான் பாறைகளுக்கிடையே சமவெளிக்கு இறங்குகிறது. இம்மலையைச் சங்கப் புலவர்கள் கொல்லிப்பாவையோடு சேர்த்தே நினைத்தார்கள். காற்று மோதினாலும், மழை விரைந்து பெய்தாலும், இடியே விழுந்தாலும் வனப்புக் குன்றாதவள் அவள் என்கிறது நற்றிணைப் பாடல் ஒன்று. அப்பாடலில் பாவையின் முகத்தைவிட, அவளைத் தாக்கும் காற்றும் மழையுமே நம் உடலில் வந்து படிகின்றன. உருவத்தைச் சொல்லாமலே உணர்வைத் தரும் கலை தமிழுக்குப் புதிதன்று.

இதே துறையூர் வட்டாரத்தின் கீராம்பூரில் 1938இல் பிறந்தவர் ஓவியர் கே.எம். ஆதிமூலம். சென்னைக்கு வந்து, சிற்பி தனபாலின் வழிகாட்டுதல் பெற்று, 1960களில் ஓவியக் கல்லூரியில் பயின்றார். அப்போது அதன் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். ஐரோப்பிய நவீனத்தைப் பிரதி எடுக்காமல் இம்மண்ணுக்குரிய நவீனத்தைத் தேட வேண்டும் என்ற விவாதம் அங்கு தீவிரமாக நிகழ்ந்த காலம் அது.

காந்தி நூற்றாண்டான 1969இல் ஆதிமூலம் தீட்டிய காந்தி கோட்டோவியங்கள் அவருக்குப் பெரும்புகழ் தந்தன. சிற்றிதழ்களும் நூல் அட்டைகளும், கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு வரைந்த சித்திரங்களும் அவரைத் தமிழ் வாசகரின் வீட்டுக்குள் கொண்டுசேர்த்தன. ஆயினும் அந்தப் புகழே ஒரு திரையாகவும் ஆயிற்று என்று தோன்றுகிறது. 1970களிலிருந்து அவர் எண்ணெய் வண்ணத்தில் உருவங்களை முற்றாகத் துறந்தார். தடித்த வண்ணப் படலங்கள், அவற்றுக்கிடையே திறக்கும் வெளி, அவ்வளவே. நாம் கோடுகளைக் கொண்டாடினோம். வண்ணங்களின் முன் "புரியவில்லை" என்று விலகிப்போனோம்.

வண்ணம் இசையைப்போல நேரடியாக மனத்தைத் தீண்டவல்லது என்று காண்டின்ஸ்கி 1911இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். இசையில் பொருள் தேடாத நாம் ஓவியத்தில் மட்டும் மரத்தையும் மனிதனையும் தேடுகிறோம். ஆதிமூலத்தின் அருவ ஓவியங்களைக் கொல்லிமலைக் காட்சிகள் என்று பெயரிட்டு எளிமைப்படுத்துவது தவறாகும். ஆனால் நிலம், நீர், வானம் ஆகியவற்றின் அனுபவத்திலிருந்தே அவை கிளைத்தவை. ஈரத்துக்கு வடிவம் இல்லை, வெக்கைக்கும் இல்லை. கோடு ஒரு பொருளின் எல்லையைச் சொல்லும். எல்லையற்றதைச் சொல்ல நேர்ந்தபோது, கோட்டின் தலைசிறந்த கலைஞரே அதை ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது. அதேவேளை இதழ்களுக்குக் கோட்டோவியம் வரைவதையும் அவர் கைவிடவில்லை. இரண்டும் ஒரே கையின் இருவேறு தேவைகள்.

2008 ஜனவரியில் ஆதிமூலம் மறைந்தார். தமிழில் அவரைப்பற்றிய பேச்சு இன்றும் பெரும்பாலும் காந்தியோடு நின்றுவிடுகிறது. அவரது வண்ண ஓவியம் ஒன்றின்முன் நிற்க வாய்த்தால், "இது என்ன?" என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்து, நண்பர்கள் சில நிமிடங்கள் வெறுமனே நின்று பார்க்கலாம். காற்றையும் மழையையும் கொண்டு பாவையை உணர்த்திய மொழியின் வாசகருக்கு அது அத்தனை கடினமன்று.