வடகிழக்கு மக்களும் இந்தியப் பெருநகரங்களும்: ஒரு பாகுபாட்டின் வரலாறு

மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு அரசு எந்தக் குடிமக்களையும் பாகுபடுத்தக் கூடாது என்கிறது இந்திய அரசியலமைப்பின் 15ஆவது உறுப்பு. இவற்றுள் மதமும் சாதியும் அன்றாடம் விவாதிக்கப்படுகின்றன. இனமும் பிறந்த இடமும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவ்விரண்டின் பெயராலும் ஒதுக்கப்படுவோர், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து படிக்கவும் பிழைக்கவும் பெருநகரங்களுக்கு வருபவர்கள்.

இந்த விலகலுக்கு நிர்வாக வரலாறு ஒன்று உண்டு. 1873இல் ஆங்கிலேய அரசு வங்காளக் கிழக்கு எல்லைப்புற ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அசாமின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலைவாழ் மக்களுக்கும் இடையே ‘இன்னர் லைன்’ என்ற உள் எல்லைக் கோடு வரையப்பட்டது. அனுமதிச் சீட்டு இல்லாமல் அதைத் தாண்டக் கூடாது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மலைப்பகுதிகள் பலவற்றை ‘விலக்கப்பட்ட பகுதிகள்’ என்றே பெயரிட்டு, மாகாணச் சட்டமன்றங்களின் அதிகாரத்துக்கு வெளியே வைத்தது. இன்று அந்த அனுமதிச் சீட்டு முறையைத் தங்கள் நிலத்துக்கான காப்பாக மலை மக்களே விரும்புகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கோட்டின் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்தப் பக்கம் தெரியாமலே போனது.

விடுதலைக்குப் பின் அப்பகுதி டெல்லியின் கண்ணுக்கு எல்லைப் பாதுகாப்புச் சிக்கலாகவே பெரிதும் தெரிந்தது. 1958இல் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது. 1966 மார்ச்சில், மிசோ கிளர்ச்சியின்போது, இந்திய விமானப்படை ஐசால் நகரின் மீது குண்டு வீசியது. சொந்த நாட்டு நகரின் மீது நடந்த இத்தாக்குதலைப் பள்ளியில் படித்ததாக நினைவுள்ளவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பின்னாளில் கல்லூரிகள், அழைப்பு மையங்கள், உணவகங்கள், அழகு நிலையங்கள், காவலாளி வேலைகள் என இளைஞர்கள் பெருநகரங்களை நோக்கி வந்தனர். வாடகை வீடு மறுப்பு, ‘சிங்கி’ என்ற வசை, பெண்களின் உடையைப் பற்றிய ஏளனம் ஆகியவை அவர்களுக்குப் பழகிப்போயின. 2007இல் டெல்லிக் காவல்துறை அவர்களுக்காகப் பாதுகாப்புக் கையேடு ஒன்றை வெளியிட்டது. அடக்கமாக உடுத்தவும், மூங்கில் குருத்து, நொதித்த சோயாவான ‘அகுனி’ போன்ற மணமுள்ள உணவுகளை அக்கம்பக்கத்தில் சிக்கல் வராமல் சமைக்கவும் அது அறிவுறுத்தியது. தொல்லை கொடுப்பவருக்கு அல்ல, தொல்லைப்படுபவருக்கே புத்திமதி! நம் வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கு இப்படி ஒரு அரசுக் கையேடு வந்திருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா?

2012 ஜூலையில் அசாமின் கோக்ரஜார் வட்டாரத்தில் போடோ மக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. அதற்குப் பழிவாங்கத் தென்னகத்தில் வடகிழக்கு மக்கள் தாக்கப்படுவார்கள் என்ற வதந்தி ஆகஸ்டில் குறுஞ்செய்திகள் வழியே பரவியது. பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் குவாஹாட்டிக்கு ரயில் ஏறினர். சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. சென்னை, புனே, ஐதராபாத்திலிருந்தும் பலர் கிளம்பினர். மொத்தக் குறுஞ்செய்திகளுக்கு அரசு 15 நாள் தடை விதித்தது. வதந்தி பொய்தான். ஆனால் ஒரு கைப்பேசிச் செய்தியை நம்பி வேலையையும் படிப்பையும் விட்டு ஓடும் அளவுக்கு அவர்களுக்கு இந்நகரங்களின் மீது நம்பிக்கை இல்லாதிருந்தது. வடக்கே ‘மதராசி’ என்று அழைக்கப்பட்டதைச் சொல்லிக் குமுறும் நாம், இங்கே மணிப்பூர்க்காரரைப் பார்த்து ‘நேபாளியா?’ என்று கேட்பதைக் குற்றமாக நினைப்பதில்லை.

2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில், தலைமுடியைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில் தாக்கப்பட்ட அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் மறுநாள் இறந்தார். அதன்பின் அமைக்கப்பட்ட பெஸ்பருவா குழு, இனவெறிச் செயல்களையும் வசைகளையும் தண்டிக்க இந்திய தண்டனைச் சட்டத்தில் 153சி, 509ஏ என்ற இரு புதிய பிரிவுகளைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. அவை சேர்க்கப்படவே இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரியது. பழங்குடிப் பட்டியலில் இல்லாத மணிப்பூரின் மெய்தேய் மக்கள் போன்றோருக்கு அந்த வழியும் கிடையாது.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து இனம், பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களால் செய்யும் கொலையைத் தனிக் குற்றமாக்கியுள்ளது. தெருவில் ஒருவர் தனியாக வீசும் வசைச்சொல்லுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை.