யார் காத்திருப்பது?

1971 அக்டோபரில் ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்’ இதழில் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் மூன்று பேர்: கூர்த்துவா, ஹேமன்ஸ், பார்னஸ். ஒரே டேட்டாவைப் படிக்கச் சிலர் வருகிறார்கள், மாற்றச் சிலர் வருகிறார்கள். படிப்பவர்கள் எத்தனை பேரும் சேர்ந்து படிக்கலாம். எழுதுபவருக்கு மட்டும் தனிமை வேண்டும். நாம் இன்று ரீட்-ரைட் லாக் என்று சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

அவர்கள் இதை ஒரே கணக்காகப் பார்க்கவில்லை. முதல் கணக்கில், எழுதுபவர் ஏற்கெனவே உள்ளே இருந்தால் தவிர படிப்பவர் காத்திருக்கக் கூடாது. தீர்வு அழகானது: ஓர் எண்ணிக்கை, டைக்ஸ்ட்ரா கொடுத்த செமஃபோர் இரண்டு. முதலில் நுழையும் ரீடர் ரைட்டரை வெளியே நிறுத்துகிறார். கடைசியாகப் போகிறவர் திறந்துவிடுகிறார். ஆனால் ரீடர்கள் வந்துகொண்டே இருந்தால்? கடைசி ஆள் என்று ஒருவர் இருக்கவே மாட்டார். ரைட்டர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

இரண்டாம் கணக்கில் ரைட்டர் வந்துவிட்டால் புதிய ரீடர்கள் நிற்க வேண்டும். இப்போது செமஃபோர் ஐந்து. ரைட்டர்கள் வரிசையாக வந்தால் ரீடர் கதி அதோகதி. இரண்டு பக்கமும் யாரோ ஒருவர் முடிவில்லாமல் காத்திருக்க நேரலாம் என்பதை அவர்களே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த நேர்மைதான் பிடித்தது.

ரைட்டருக்கு முன்னுரிமை கொடுப்பதே நியாயம் என்று தோன்றும். அங்கேதான் பொறி. ஒரு த்ரெட் ரீட் லாக்கைப் பிடித்திருக்கிறது. வெளியே ரைட்டர் வரிசையில். அந்த த்ரெட் கூப்பிடும் ஏதோ ஒரு ஃபங்ஷன் அதே லாக்கை மறுபடி படிக்கக் கேட்கிறது. ரைட்டருக்காக ரீடர் நிற்கிறது, ரீடருக்காக ரைட்டர். சோலி முடிஞ்சுது, டெட்லாக்.

போசிக்ஸ் விதிப்படி ஒரே த்ரெட் ரீட் லாக்கைப் பலமுறை எடுக்கலாம். அதனால் லினக்ஸின் ஜிலிப்சி இன்றும் இயல்பாக ரீடர் பக்கமே சாய்கிறது. ‘பிரிஃபர் ரைட்டர்’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது. தேர்ந்தெடுத்தாலும் ரீடருக்குத்தான் முன்னுரிமை! நிஜமாக ரைட்டரை முன்னே விட, பெயரில் ‘நான்ரிகர்சிவ்’ என்று ஒட்டிய இன்னொன்றை எடுக்க வேண்டும். அதாவது, எந்த த்ரெட்டும் கையில் உள்ள ரீட் லாக்கை மறுபடி கேட்காது என்று நாம் உறுதி கொடுக்கிறோம். அதைச் சரிபார்க்க கம்பைலர் வராது. கோட் ரிவ்யூவில் ஒவ்வொரு ஃபங்ஷனாக நாமேதான் தேடணும்.