ஆன்டிபயாட்டிக் மருந்துகள்: எந்த நோய்க்கு எந்த வகை?

புது தில்லி: காய்ச்சல் கண்டதும் மருந்துக் கடையில் அசித்ரோமைசின் மாத்திரை வாங்கி உட்கொள்ளும் பழக்கம் நாடெங்கும் காணப்படுகிறது. டெங்கு, ஃபுளூ, சாதாரண சளி ஆகியவை வைரஸால் வருபவை. அவற்றின் மீது எந்த ஆன்டிபயாட்டிக்கும் செயல்படாது. பாக்டீரியாவால் வரும் நோய்களிலும் ஒரே மருந்து எல்லாக் கிருமிகளையும் அழிப்பதில்லை.

பெனிசிலின், அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன், மெரோபெனம் ஆகியவை பீட்டா லாக்டம் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை கிருமியின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சிக்கு, ஒவ்வாமை இல்லாதவர்களுக்குப் பழைய பெனிசிலின் அல்லது அமாக்ஸிசிலினே போதுமானது.

ஆனால், உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்கரப் டைஃபஸ் நோய்க்கு இக்குடும்பம் முழுவதும் பயனற்றது. அதன் கிருமி உடல் செல்களுக்கு உள்ளேயே வாழ்வதால், செல்லுக்குள் ஊடுருவிப் புரத உற்பத்தியைத் தடுக்கும் டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் தேவைப்படுகிறது. மழைக்காலத்தை ஒட்டி வரும் இக்காய்ச்சலை டைஃபாய்டு எனக் கருதி செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி மட்டும் செலுத்தினால் காய்ச்சல் தணியாது. தாமதமாகும் நாள்களில் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்படலாம். அக்குள், தொடை இடுக்கு போன்ற மறைவிடங்களில் சிகரெட் சுட்டது போன்ற கருந்தழும்பு தென்பட்டால் அது முக்கியத் தடயம். எல்லா நோயாளிகளிடமும் அது காணப்படுவதில்லை.

டைஃபாய்டுக்கு ஒரு காலத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் முதல் தேர்வாக இருந்தது. எதிர்ப்புத் திறன் பரவிவிட்டதால், இந்தியாவில் தற்போது செஃப்ட்ரியாக்ஸோன், செஃபிக்ஸிம், அசித்ரோமைசின் ஆகியவையே பெரிதும் பயன்படுகின்றன. சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயின் நல்ல மருந்து. அது சிறுநீரில் மட்டுமே போதிய அளவு சேர்வதால், தொற்று சிறுநீரகத்தை எட்டி, குளிர்க்காய்ச்சலும் விலாவலியும் கண்டபின் உதவாது.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தது. முதலில் தரத்தக்கவற்றில் அமாக்ஸிசிலின், டாக்ஸிசைக்ளின், நைட்ரோஃபுரான்டாயின் உள்ளன. கண்காணிப்புடன் தர வேண்டியவற்றில் செஃபிக்ஸிம், சிப்ரோஃப்ளாக்சசின், மெரோபெனம் இடம்பெறுகின்றன. தலைவலி மாத்திரைபோல் வாங்கப்படும் அசித்ரோமைசினும் இந்த இரண்டாம் தொகுதியில்தான் உள்ளது. கொலிஸ்டின், லினிசோலிட் போன்றவை வேறு வழியற்ற நிலைக்காகக் காக்கப்படுபவை. உணவுக்காக வளர்க்கப்படும் கால்நடை, கோழி, மீன் பண்ணைகளில் கொலிஸ்டினைப் பயன்படுத்த மத்திய அரசு 2019-இல் தடை விதித்தது.

செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன், மெரோபெனம், லெவோஃப்ளாக்சசின் உள்ளிட்டவை 2014 மார்ச் முதல் 'எச்1' அட்டவணையின்கீழ் வருகின்றன. இவற்றை விற்கும் மருந்துக் கடைக்காரர், மருத்துவர் மற்றும் நோயாளியின் பெயரையும் மருந்தின் அளவையும் தனிப் பதிவேட்டில் குறித்து, மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.