ஹவுஸ் ஓனர் எப்போது உள்ளே வரலாம்? 1882 முதல் ஒரு சின்ன வரலாறு

"நம்ம வீடுதானே, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." வாடகைக்குக் குடியிருந்தவர்கள் பலருக்கும் இந்த வசனம் பழக்கம். கையில் இன்னொரு சாவியும் இருக்கும். அப்படி வரலாமா என்று சட்டத்தில் தேடினால் 1882-இல் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு வந்த சொத்து மாற்றச் சட்டத்தின் 108-வது பிரிவில் இரண்டு உட்பிரிவுகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று (சி): வாடகையைக் கொடுத்து நிபந்தனைகளை மதிக்கும்வரை, குடியிருப்பவர் இடையூறு இல்லாமல் வீட்டை அனுபவிக்கலாம். இன்னொன்று (எம்): உரிமையாளரோ அவர் ஆளோ நியாயமான நேரங்களில் உள்ளே வந்து வீட்டின் நிலையைப் பார்க்கக் குடியிருப்பவர் அனுமதிக்க வேண்டும்.

கவனிக்க: பார்க்க வேண்டியது வீட்டின் நிலையை. சுவரில் விரிசல், ஒழுகும் குழாய் மாதிரி. அடுப்பில் என்ன வேகிறது, ஊரிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வராது.

அதற்கும் முன்பே, 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம், 441-வது பிரிவில், அத்துமீறலைச் சொத்து யாருக்குச் சொந்தம் என்று பார்த்து வரையறுக்கவில்லை. யார் வசம் இருக்கிறது என்றுதான் பார்த்தது. மிரட்டவோ அவமானப்படுத்தவோ தொல்லை கொடுக்கவோ நினைத்து நுழைந்தால், சொந்த வீடாக இருந்தாலும் குற்றமாகலாம்!

ஆனால் 1882 சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன. 'நியாயமான நேரம்' எது? முன்கூட்டிச் சொல்லணுமா? பதில் இல்லை. போதாக்குறைக்கு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941-இல், சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பிறகு 1946, 1949, 1960 என்று அடுத்தடுத்துச் சட்டங்கள். சண்டையெல்லாம் பெரும்பாலும் இரண்டே விஷயங்களுக்கு: வாடகை எவ்வளவு, எப்போது காலி செய்யச் சொல்லலாம். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தித் துரத்துவதைத் தடுக்க 1960 சட்டத்தில் 17-வது பிரிவு இருந்தது. தெருவுக்கு வந்துவிடுவோமோ என்ற பயத்தில் இருப்பவருக்குக் கதவைத் தட்டாமல் வருவது இரண்டாம்பட்சக் கவலைதானே.

கடைசியில் 2017-இல் தமிழ்நாடு புதிய வாடகைச் சட்டம் இயற்றியது. 22 பிப்ரவரி 2019 முதல் நடைமுறை. உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும், காரணத்தோடு. இந்த ஒரு நாள் அவகாசம் எழுத்தில் வர 135 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இந்தச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவதையும் கேட்கிறது. நடைமுறையிலோ பழைய மாதிரியைப் பார்த்து அடித்த 11 மாத ஒப்பந்தம்தான் கைக்கு வரும். அதில் 'நியாயமான நேரங்களில்' என்று மட்டும் இருந்தால், கையெழுத்துக்கு முன்னால் '24 மணி நேர முன்னறிவிப்புடன்' என்று சேர்க்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்பது கஷ்டம்.